நனைந்த மீன்

மார்ச் 14. விசாரிக்காமல் திட்டியது டீச்சரின் தவறு.

ரோமானியர் காலக் குளியல் கூடத்துக்குக் கூரையில்லை. வண்ணக் கற்கள் பதித்த தரையில் வெயிலும் புழுதியும் மட்டும். சுற்றுலா வந்த பிள்ளைகளில் அதிகம் பேசாத சின்னவள், தடுப்புக் கயிற்றின் மேல் குனிந்து பாட்டில் தண்ணீரை ஊற்றுகிறாள். "அறிவிருக்கா? ரெண்டாயிரம் வருஷத் தரைடி! போய் பஸ்ல உக்காரு!" என்று டீச்சர் கத்துகிறார். அவள் போகிறாள். ஈரம் பரவிய இடத்தில் நீல மீனொன்று செதில் செதிலாகத் தெளிகிறது. "அவ புழுதில மீன் வாலைப் பாத்துட்டுச் சொன்னா டீச்சர், நாங்கதான் நம்பல," என்கிறான் ஒருவன். டீச்சரின் முகம் சுண்டிப்போகிறது. "ஓடு, கூட்டிட்டு வாடா!" அவள் வருவதற்குள் வெயில் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. மறுபடி ஊற்ற டீச்சருக்குத் துணிவில்லை. "மீன் எங்க டீச்சர்?" என்கிறாள் அவள்.

நாளை: வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மீனைப் பார்த்தவர்கள் எல்லாரும் அவளுக்கு வரைந்து காட்ட வேண்டும், முதலில் டீச்சர்.