ஊருக்கெல்லாம் ஒரே நம்பர்

"தம்பி, அந்த மெசேஜ் எங்க ஊட்டுல இருந்து போகலைன்னு நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க."

வந்ததும் வராததுமாக நஞ்சப்பன் கேட்டார். பல்லடம் பக்கம் சின்னதாக ஷெட் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குக் காலர் பின்னிக் கொடுப்பவர். அந்த வட்டாரத்துக்கு இன்டர்நெட் கொடுக்கிற முருகவேல், கையிலிருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு என்ன ஏதென்று விசாரித்தார்.

நஞ்சப்பனின் மகள் அனுப்பிரியாவுக்கும், திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் வெள்ளியங்கிரியின் மகன் சிவராஜுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போன வாரம் அந்தக் கம்பெனியின் வெப்சைட்டுக்குப் பேர் போடாமல் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. பெண்ணுக்கு இதில் சம்மதமில்லை, வீட்டில் சொல்லியும் கேட்கவில்லை, நீங்களாவது நிறுத்துங்கள் என்று.

சிவராஜ் கம்ப்யூட்டர் படித்தவன். மெசேஜ் எந்த ஐபி நம்பரிலிருந்து, அதாவது எந்த இன்டர்நெட் இணைப்பிலிருந்து வந்தது என்று தோண்டிப் பார்த்திருக்கிறான். நஞ்சப்பன் காலர் டெலிவரிக் கணக்கைத் தினமும் அதே வெப்சைட்டில்தான் ஏற்றுவார். இரண்டுக்கும் ஒரே நம்பர். அப்புறம் கேட்க வேண்டுமா? பெண் வீட்டிலிருந்தே வந்த மெசேஜ் என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள்.

"எல்லாம் எம் பங்காளிக பண்ற வேலைங்க. பொண்ணு பேரு கெட்டுப்போச்சு" என்றார் நஞ்சப்பன்.

முருகவேலுக்குச் சுருக்கென்றது. அவருடைய தங்கைக்கு வந்த நல்ல சம்பந்தம் ஒன்று மொட்டைக் கடுதாசியால் நின்றுபோனது. அன்றைக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதை அவர் இன்னும் மறக்கவில்லை. இந்த ஒரு பெண்ணுக்காவது அப்படி நடக்க விடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

"கெளம்புங்கய்யா. இன்னைக்கே பேசி முடிச்சுப்போடலாம்."

வெள்ளியங்கிரியின் ஆபீசில் டீ வந்தது. சிவராஜ்தான் முதலில் பேசினான். பையன் தங்கமான பையன், குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க. பிடிக்காத பொண்ணைக் கட்டி என்னங்க பண்றது? அவங்களே சொன்னதுன்னா, விட்டுடறதுதான் மரியாதை."

"அவங்க சொல்லலைங்க. அதைச் சொல்லத்தான் வந்திருக்கறேன்" என்று முருகவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இந்த நம்பரையெல்லாம் நினைத்தபடி அச்சடித்துக்கொள்ள முடியாது என்று ஆரம்பித்தார். உலகத்துக்கே அதைப் பங்கு வைத்துக் கொடுக்க அமைப்புகள் இருக்கின்றன. பெரிய கம்பெனிகள் அள்ளி வைத்துக்கொண்டன. இப்போது சரக்கு தீர்ந்துவிட்டது. தன்னைப் போன்ற சின்ன ஆளுக்குக் கிள்ளிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. அதனால் வீட்டுக்குள் ஆளுக்கொரு நம்பர் இருந்தாலும், வெளியே போகும்போது நூற்றுக்கணக்கான வீடுகளுக்கும் ஒரே நம்பர்தான்.

"நம்ம லைன் ஊடு மாதிரிங்க. உள்ளே பத்துக் குடும்பம் இருக்கும், கதவு நம்பர் ஒண்ணுதான். அந்த நம்பரைப் போட்டு ஒரு கடுதாசி வந்தா எந்தக் குடும்பம் எழுதுனதுன்னு சொல்லுவீங்க?"

சிவராஜ் அரை மனதாகத் தலையாட்டினான். முருகவேல் விடுகிற ஆள் இல்லை. போனை எடுத்துத் தன் வாடிக்கையாளர்களை வரிசையாகக் கூப்பிட்டார். பேக்கரிக்காரர், கோழிப்பண்ணைக்காரர், தையல் கடை வெள்ளையம்மாள் என்று ஒவ்வொருவரையும் கம்பெனி வெப்சைட்டைத் திறக்கச் சொன்னார். திறக்கத் திறக்க சிவராஜின் ஸ்க்ரீனில் அதே நம்பர் வந்து விழுந்துகொண்டே இருந்தது. கோழிப்பண்ணைக்காரர் வெப்சைட்டிலேயே முட்டை ஆர்டர் கிடைக்குமா என்று வேறு விசாரித்தார்.

"அப்ப இத்தனை ஊட்டுல எந்த ஊட்டுல இருந்து வந்ததுன்னு உங்ககிட்டப் பதிவு இருக்குமுங்களே?" என்று சிவராஜ் கேட்டான்.

"இருக்குதுங்க. ஆனா போலீஸ் எழுதிக் கேட்டாத்தான் அதைத் தொறப்பேன். ஊட்டுக்கு ஊடு யாரு என்ன பண்றாங்கன்னு பாக்கறது எந்தொழில் இல்லீங்க."

கல்யாண விஷயத்தில் போலீஸ் எதற்கு என்று வெள்ளியங்கிரி குறுக்கே வந்தார். எவனோ வயிற்றெரிச்சல் பிடித்தவன் செய்ததற்கு நல்ல சம்பந்தத்தை விடுவதா என்றவர், எழுந்து வந்து நஞ்சப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். குறித்த தேதியிலேயே ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. சிவராஜ் முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. தங்கைக்குச் செய்ய முடியாததை இன்றைக்குச் செய்துவிட்டோம் என்று முருகவேலுக்கு மனசு நிறைந்துபோனது.

நஞ்சப்பனின் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அவர் வாசலில் நின்று சொந்தபந்தங்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பித்தார். அனுப்பிரியா உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள்.

"இனி உன்ற பேர்ல ஒரு சொல்லு வராது அம்மிணி. அந்த மெசேஜ் உங்க ஊட்டுல இருந்து போகவே இல்லைன்னு நிரூபிச்சுட்டுத்தான் வந்தேன்" என்றார் முருகவேல், டம்ளரைக் கையில் எடுத்தபடி.

அனுப்பிரியா வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நெட்டு வரலைன்னு எத்தனை தடவை கூப்பிட்டாலும் வராத நீங்க, இதுக்கு மட்டும் ஏனுங்கண்ணா இப்படி ஓடுனீங்க? அந்த மெசேஜை அனுப்பினது நாந்தானுங்க."