பிளம்பர் வாயில் வராத சொல்

“ஆளைப் பார்த்துச் சொல்லணும், பிளம்பர் சார். சுவரைப் பார்த்து இல்ல!”

டீச்சர் அதட்டியதும் வகுப்பே சிரித்தது. பிளம்பர் மறுபடி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது.

பக்கத்து நாற்காலித் தையல்காரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. அந்த ஸ்பானிஷ் மாலை வகுப்பில் எல்லோருக்கும் ‘தே கியேரோ’ வந்துவிட்டது. ‘உன்னை நேசிக்கிறேன்’ என்று அர்த்தம். இந்த மனுஷருக்கு மட்டும் தொண்டையிலேயே நின்றது.

“இதுல என்னங்க வெட்கம்? பெத்தவங்க, பிள்ளைங்க, சிநேகிதங்க, யார்கிட்ட வேணாலும் சொல்லலாம்னு டீச்சரே சொன்னாங்களே?”

“நம்ம வாய்க்குப் பழக்கமில்லீங்க. குழாயை மாட்டுன்னா மாட்டிடுவேன்.”

தையல்காரம்மாவுக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. முதல் ஆளாக வந்து பலகையைத் துடைத்து வைப்பது இவர்தான். டீச்சர் எவ்வளவு திட்டினாலும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்பதும் இவர்தான். நேற்று டீச்சருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனதை அவளே பார்த்தாள். நரைத்த தலைக்கு இது தேவையா என்று மனசுக்குள் பொருமினாள்.

இன்றைக்கு வகுப்பு நடத்தும் மையத்தின் நிர்வாகி வேறு வந்து உட்கார்ந்திருந்தார். யாருக்கும் ஒன்றும் ஏறவில்லை என்று பட்டால் வகுப்பை இழுத்து மூடிவிடுவார். டீச்சரின் வேலையும் போய்விடும்.

“அந்த வார்த்தையை வெச்சு ஆளுக்கு ஒரு வரி பேசுங்க, பார்க்கலாம்,” என்றார் நிர்வாகி.

தையல்காரம்மா தன் மகளை நினைத்துச் சொன்னாள். வேன் டிரைவர் தன் தம்பிக்குச் சொன்னார். அடுத்து பிளம்பர்.

எழுந்தார். சுவரைப் பார்க்கவில்லை. நேராக டீச்சரைப் பார்த்தார்.

“தே கியேரோ.”

பிசிறில்லாமல் வந்தது.

தையல்காரம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். கெடுத்தாரே காரியத்தை!

“என்னய்யா இது? டீச்சர்கிட்ட பேசற பேச்சா?” நிர்வாகி எகிறினார்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்தாள்.

“மன்னிச்சிடுங்க சார். வகுப்புல உறவு கொண்டாடக் கூடாதுன்னு நான்தான் கண்டிஷன் போட்டிருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, வீட்டுல தமிழ்லகூட ஒரு தடவை இதைச் சொன்னதில்ல சார் இவர்.”

பிளம்பர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“எனக்கே வரவெச்சுட்டா பாருங்க சார்... எம் பொண்டாட்டியைவிட நல்ல டீச்சர் உங்களுக்குக் கிடைப்பாங்களா?”