எறங்குதேன்

வற்றிய குளத்துக்குள் அவர்கள் ரிமோட் விமானம் விட்ட இடத்தில் ஓடுதளம் ஒன்றுதான். இறக்குகிறவன் "எறங்குதேன்" என்று கத்த வேண்டும். மற்றவன் விலகிக்கொண்டு "வா" என்ற பிறகுதான் இறக்க வேண்டும். எபனேசர், அப்பா கடைசியாகச் செய்த ரிமோட் விமானத்தைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தான். சற்றுத் தள்ளித் தம்பி ஞானராஜ் ட்ரோன் விட்டான். அப்பாவை அடக்கம் செய்த அன்று மூண்ட சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சு இல்லை. பேட்டரி தீர்கிறதென்று எபனேசரின் ரிமோட் கீச்சிட்டது.

"கூப்பிடுல, வாய்ல என்ன கொழுக்கட்டயா?" என்றான் நண்பன் சுடலை.

"அவன் மொதல்ல வெலகட்டும்."

ட்ரோன் எப்போதோ விலகிப்போய்க் கரையோரம் காத்து நின்றது. எபனேசர் அதைப் பார்த்தான். பார்த்தும் கூப்பிடவில்லை. விமானம் இன்னொரு சுற்று வந்து, மூக்கு கவிழ்ந்து, முள் அடர்ந்த உடைமரங்களுக்குள் விழுந்தது. இறக்கை முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஞானராஜின் ரிமோட்டும் கீச்சிடத் தொடங்கியது.

"அண்ணே," என்றான், மேலேயே பார்த்தபடி. "எறங்குதேன்."

ஓடுதளம் காலியாகத்தான் கிடந்தது. எபனேசர் "வா" என்று சொல்ல வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது. ட்ரோன் தலைக்கு மேலே நின்று இரைந்துகொண்டே இருந்தது.