மகன் விட்டுப்போன கைக்கடிகாரம்

சண்டை முடிந்த வருடம், உப்புத்தண்ணீர் படக்கூடாதென்று கைக்கடிகாரத்தை அலுமாரியில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போன செபமாலையின் மகன் திரும்பவில்லை. கை அசைந்தால் சார்ஜ் ஏறுகிற கடிகாரம் அது. யாரும் கட்டாமலே பத்து வருடமாக ஓடியது.

வெடித்த கண்ணாடியை மாற்றச் செபமாலை கொண்டுபோனபோது, கற்பிட்டிக் கடிகாரக் கடைக்கார ஹுனைஸ் உள்ளே பார்த்தார்.

“ஐயா, சார்ஜ் பிடிக்கிற செல் செத்து எவ்வளவோ காலம். இது எப்படி ஓடுது? புதுசு போட்டுத் தாறன்.”

“ஓடுற சாமானுக்கு என்னத்துக்குப் புதுசு? என்னை ஏய்க்கப் பாக்காத. மூடு!”

புதுசு போட்டால், ஓடுவது செல்லாலா மகன் கையாலா என்று பிறகு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை அலுமாரியைத் திறந்தார். முள் ஓடியது. வார் சூடாக இருந்தது.

“அன்னம்மா தாயே, ஸ்தோத்திரம்,” என்று சிலுவை போட்டுக்கொண்டார். வாரிலிருந்த வியர்வையை உடுத்திருந்த சாரத்தால் துடைத்துத் திரும்ப வைத்தார்.