பீரோவுக்குப் பின்னால் பதினோரு மாத்திரைகள்

பீரோவுக்குப் பின்னால் பெருக்கியபோது பதினோரு சிவப்பு மாத்திரைகள் உருண்டு வந்தன. அவள் மகளைக் கூப்பிட்டாள். கணவனின் காசநோய் மகளையும் தொற்றாமலிருக்க, அவளும் இந்த மாத்திரையைத் தினமும் தவறாமல் விழுங்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"அடிப்பாவி, முழுங்குற மாதிரி நடிச்சுட்டுத் துப்பினியா? உனக்கும் அந்த எழவு வரணுமா?"

"சத்தியமா முழுங்குறேம்மா! முழுங்கினா ஒண்ணுக்கு ஆரஞ்சாப் போகும்னு நர்ஸ் அக்கா சொன்னாங்கல்ல? நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தாள். ஆரஞ்சுதான். போன உயிர் திரும்பி வந்தது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அப்போ இது யாருதுடி?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவுக்கும் சிவப்பு மாத்திரைதானேம்மா? ஒருநாள் ஒண்ணுக்குப் போயிட்டுத் தண்ணி ஊத்த மறந்துட்டாரு. வெறும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு."

அடுத்த அறையில் கணவன் இருமினான். அவள் கை மகளின் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியது.