முன்வரிசையில் ஒருத்தி

சுருளியாண்டி இரண்டாவது பாட்டை எடுக்கும்போதே கூட்டம் எழுந்திருக்க ஆரம்பித்துவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி மட்டும் மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

மேடையோரம் ஏசுதாசன் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே, எழுந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். வீரபாண்டித் திருவிழாவுக்கு வருகிற வழியில் சுருளியாண்டி சொன்ன வார்த்தை அவனை விட்டு அகலவில்லை.

"ஏசுதாசா, இன்னைக்கும் சனம் எந்திரிச்சுப் போயிருச்சுன்னா நான் வீடு திரும்ப மாட்டேன். எம் பொண்டாட்டிட்ட நீதான் போய்ச் சொல்லணும்."

"என்ன பேச்சுண்ணே இது" என்றான். அவர் ஆற்றில் ஆளை விழுங்கும் ஆழமான கசம் இருக்கும் இடத்தில் நின்று தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தார்.

ஒரு காலத்தில் ராஜபார்ட் சுருளியாண்டி பாடுகிறார் என்றால் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். மைக் கிடையாது. ஆற்றுக்கு அக்கரையில் படுத்துக் கிடந்தவனுக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் கேட்டது. இளவட்டங்கள் எல்லாம் அவரைப் போலவே தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு திரிந்தார்கள்.

ஏசுதாசன் போடி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த வேதக்கார வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஞானப்பாட்டைச் சுருளியாண்டி மெட்டில் பாடி, அப்பாவிடம் பிரம்படி வாங்கினான். காயம் ஆறுவதற்குள் வீட்டைவிட்டு ஓடிவந்து அவரோடு சேர்ந்துகொண்டவன்தான்.

பிறகு டாக்கி என்கிற பேசும்படம் வந்தது. ஒரே வரியை விடிய விடியப் புரட்டிப் புரட்டிப் பாடினால் தலையாட்டிய சனத்துக்கு, இப்போது வெற்றிலை மென்று துப்புவதற்குள் முடிகிற பாட்டுத்தான் பிடித்தது. ஏன், சும்மா இருக்கும்போது ஏசுதாசன் விரலே டாக்கி மெட்டுக்குத்தான் போனது. அண்ணன் வரும் சத்தம் கேட்டால் திருடனைப் போலத் துருத்தியை மூடுவான்.

குரலும் போய்விட்டது. மேலே ஏறும்போதெல்லாம் நடுவில் விரிசல் விட்டு உடைந்தது. உலகச் சண்டைக் காலம், மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு. வெளிச்சம் இருக்கும்போதே பாடி முடிக்கச் சொல்லிவிட்டார் நாடகக் காண்ட்ராக்டர். பட்டப்பகலில் அந்த முகத்தின் சுருக்கத்தை அரிதாரமும் மறைக்கவில்லை.

பக்கத்துத் திடலில் டூரிங் டாக்கீஸ்காரன் ஒலிபெருக்கியில் இசைத்தட்டைப் போட்டான். திடீரென்று பாட்டு அலறியது. மிச்சம் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றுபோல அந்தப் பக்கம் திரும்பினார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். சுருளியாண்டியே திடுக்கிட்டு அடியை விட்டுவிட்டார்.

அந்தப் பெண் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சுருளியாண்டி அவளைக் கவனித்தார். மேடை விளிம்புக்கு வந்து, விட்ட அடியை மறுபடி எடுத்தார். அதன் பிறகு அவளுக்காக மட்டுமே பாடினார். குரல் உடைந்தது, இருமல் வந்தது, மங்களம் வரை நிறுத்தவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை.

பாடி முடித்ததும் மேடையருகே வந்து கும்பிட்டாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"சின்னப்பிள்ளைல எங்கப்பாரு தோள்ல உக்காந்து, இதே திடல்லதான்யா உங்க பாட்டக் கேட்டேன். அன்னைக்கு இருந்த கொரலு அப்பிடியே இருக்கு. ஒரு இம்மிகூட மாறல."

சுருளியாண்டி குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "நெசமாவா சொல்ற, ஆத்தா?"

"அதுக்குப் பெறகு வேற எந்தப் பாட்டும் எங் காதுல ஏறலய்யா" என்றாள் அவள். மேடை மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தாள்.

"எந்த ஊரு தாயி?" என்று அவர் கேட்டது, அலறிக்கொண்டிருந்த டாக்கிப் பாட்டில் கரைந்து போனது.

ஏசுதாசன் பக்கம் திரும்பினார். அரிதாரத்தில் கண்ணீர் கோடு போட்டிருந்தது. "கேட்டியாடா? ஒருத்தி போதும்டா எனக்கு. போய் வண்டியப் பிடி, வீட்டுக்குப் போவம். நாளைக்கு இன்னும் நல்லாப் பாடணும்."

முகம் கழுவத் திரைக்குப் பின்னால் போனவர், பல மாதங்களுக்குப் பிறகு தனக்குத்தானே முனகிப் பாடிக்கொண்டிருந்தார்.

ஏசுதாசன் வண்டி பிடிக்கப் போகவில்லை. நாளைக்கு அவள் வராவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தான். கொட்டகைக்கு வெளியே ஓடினான். அவள் தன் புருசனோடு மாட்டுவண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

ஏசுதாசன் மூச்சிரைக்க அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க வீட்டுக்காரம்மா இன்னைக்கு ஒரு உசுரக் காப்பாத்திட்டாக. திருவிழா முடியிற வரைக்கும் அவுகளத் தெனமும் கூட்டிட்டு வாங்க. அவுக உக்காந்து கேட்டாத்தான் அண்ணன் உசுரோட இருப்பாரு."

அந்த ஆள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். உள்ளேயிருந்து சுருளியாண்டியின் முனகல் சன்னமாக வந்துகொண்டிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"கட்டாயம் கூட்டிட்டு வாரேன். ஆனா அவருகிட்டச் சொல்லிப்புடாதீக. சின்னப்பிள்ளைல அந்தப் பாட்டக் கேட்ட வருசமே மலைக்காய்ச்சல் வந்து இவளுக்குக் காது ரெண்டும் போயிருச்சு."