எல்லைக்கல்லுக்கு ஒரு வேண்டுதல்

கியாக்டடா நில அளவை அலுவலகத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் அடித்துக்கொள்ளாத குறை. இரு நாடுகளுக்கும் நடுவிலுள்ள தீவை இரண்டாகப் பிரிக்கும், சிவப்புச் சாயம் பூசிய எல்லைக்கல்லைக் காணவில்லை.

"உங்க ஆளுதான் பிடுங்கியிருக்கான்," என்றார் அண்டை நாட்டுக்காரர்.

நில அளவை அதிகாரி பாலசந்தர், தீவில் புதர் வெட்டிய பழனியப்பனை முறைத்தார். "நாளைக்குள்ள கல்லு வரணும். இல்லன்னா உனக்கு ஜெயிலுதான்."

"சாமி சத்தியமா கல்லை நான் பாக்கல, சயா," என்று அதிகாரியைக் கும்பிட்டார் பழனியப்பன்.

மாலையில் பாலசந்தர், லான்மடாவ் சந்தில் புதிதாக முளைத்திருந்த முனியாண்டி முன் கைகூப்பினார். "கல்லு கெடச்சா கெடா வெட்றேன்."

பூசை செய்துகொண்டிருந்த பழனியப்பனின் மனைவி அம்சா சீறினாள். "என் புருஷனை ஜெயில்ல போடுவேன்னுட்டு, அவரு கொண்டாந்த சாமிகிட்டயே வேண்டுதலா? அந்தத் தீவுல குங்குமத்தோட கேப்பாரில்லாம நின்னுச்சுன்னு படகுல ஏத்திக் கொண்டாந்தாரு."

பாலசந்தர் அந்தக் குங்குமத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை.